கேம்பஸ் வைஃபை: ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு எவ்வளவு பெரிய சப்நெட்?

முதல் வேலை, ஆக்சஸ் பாயிண்ட்டையும் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) அதில் இணையும் போன், லேப்டாப்களையும் ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரிகளின் ஒரு தொகுதி) போடாதீர்கள். ஆக்சஸ் பாயிண்ட்டுக்குப் பெட்டிக்கு ஒரு ஐபி போதும். ஒரு கட்டடத்தில் 80 பெட்டி என்றால் /25 அளவு சப்நெட் (126 முகவரி) தாங்கும், ஆனாலும் நான் /24 தான் கொடுப்பேன் (இந்த எண் குறையக் குறைய சப்நெட் பெரிது). 10-இல் தொடங்கும் தனியார் முகவரியில் கஞ்சத்தனம் எதற்கு? கேம்பஸ் முழுக்க ஒரே விலானை (சுவிட்சுகளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) இழுத்துவிட்டால், ஏதோ ஒரு ஹாஸ்டலில் யாரோ கேபிளை மாற்றிச் செருகி லூப் (தரவு சுற்றிச் சுற்றி வரும் வளையம்) உண்டாக்கிய அன்று மொத்த வைஃபையும் படுத்துவிடும், அதனால் கட்டடத்துக்கு ஒன்றாகப் பிரித்து, ஆக்சஸ் பாயிண்ட்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் முகவரியை, ஐபியைத் தானாக வழங்கும் டிஎச்சிபியின் ஆப்ஷன் 43 வழியாக அவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தலைவலி பயனர் பக்கம்தான். 600 பேர் தங்கும் ஹாஸ்டல், ஆளுக்கு இரண்டு சாதனம், ஆக 1,200. /22-இல் 1,022தான் கிடைக்கும், எனவே /21. சரி, பெரிதாகப் போட்டால் பிராட்காஸ்ட்டும் (சப்நெட்டில் எல்லாச் சாதனத்துக்கும் போகும் செய்தி) கூடுமே? கூடும், அதுவும் காற்றில் குறைந்த வேகத்தில் போய் ஏர்டைமை (எல்லோரும் பகிரும் வைஃபை அலைவரிசையின் நேரம்) தின்னும். கன்ட்ரோலரில் ப்ராக்ஸி ஏஆர்பியை (முகவரி தேடும் கேள்விக்குச் சாதனத்தின் சார்பில் பதில் சொல்லும் வசதி) இயக்கி, எம்டிஎன்எஸ்ஸை (சாதனங்கள் ஒன்றையொன்று தேடும் அறிவிப்புகள்) வடிகட்டுங்கள்.

அப்புறம் லீஸ் நேரம், அதாவது ஒரு முகவரி ஒரு சாதனத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் காலம். கேன்டீன் மாதிரி ஆட்கள் வந்து போகும் இடத்தில் 8 மணி நேரம் வைத்தால், போனவர்களின் முகவரிகளே சப்நெட்டை அடைத்துக்கொள்ளும். அங்கே 1 மணி நேரம் வையுங்கள்.