மினி டிராக்டரா, பழைய ஜேசிபியா? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டில் வாழை போட்டிருப்பவரும் ராதாபுரம் பக்கம் பனைவிளை வாங்கியவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பல வருஷம் ஓடிய ஜேசிபியின் விலை, புது மினி டிராக்டர், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், டிரெய்லர் எல்லாம் சேர்ந்த விலைக்குக் கிட்டத்தில் வந்து நிற்கிறது. அதே காசுக்குப் பெரிய வண்டியாகவே எடுத்துவிடலாமே என்று மனசு சொல்லும்.

இங்கே எல்லோரும் செய்கிற பெரிய தவறு, இன்றைக்குக் கண்முன்னால் நிற்கும் வேலையை வைத்து வண்டியை முடிவு செய்வது. நிலம் வாங்கிய புதிதில் உடைமரம் என்கிற முள்மரம் மண்டிக் கிடக்கும். அதைத் தூரோடு பிடுங்க ஜேசிபிதான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் நாலு ஏக்கர் உடையைப் பிடுங்கி முடித்த பிறகு அந்த வண்டிக்கு என்ன வேலை? ஒரு தாளை எடுத்து, ஒரு வருஷத்து வேலையை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். இடை உழவு, எரு அடிப்பது, மருந்து தெளிப்பது, வாழைத்தார் ஏற்றுவது, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தொளி அடிப்பது (சேற்று உழவு) எல்லாம் திரும்பத் திரும்ப வரும். மரம் பிடுங்குவதும் பண்ணைக்குட்டை வெட்டுவதும் ஒரு தடவை வேலை. அதற்கு வாடகை வண்டி போதும். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரையும் ஜேசிபியையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது, இ-வாடகை செயலியில் பதிவு செய்துகொள்ளலாம். வருஷம் முழுக்க மண் வேலை இருக்கிறவர், செங்கல் சூளை வைத்திருக்கிறவர், நூற்றுக்கணக்கான ஏக்கரைத் திருத்துகிறவர் மட்டும் ஜேசிபி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது எடை. ஜேசிபி 3டிஎக்ஸ் மாதிரி வண்டி ஏழரை டன் இருக்கும். மினி டிராக்டர்களில் பல ஒரு டன்கூட வராது. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய் பாசனத்தில் வயலுக்குப் போகிற வழியில் வாய்க்கால் மேல் கல்பலகை கிடக்கும். மாட்டுவண்டி போவதற்காக என்றைக்கோ போட்ட பலகை. எங்கள் வயலுக்கு வந்த வாடகை ஜேசிபியின் பின்சக்கரம் ஏறியதும் அந்தக் கல் இரண்டாகப் பிளந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. பிசான நடவு நேரம். கீழ்வயல்காரர்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை எடுத்து சிமெண்ட் குழாய் இறக்கினோம். வயலுக்குள் இறக்கினால் இன்னொரு கேடு உண்டு. தொளிக்கு அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கிற இறுகிய மண் சக்கரம் புதைகிற இடத்தில் உடைந்துவிடும். அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வழியை நடந்து பாருங்கள்.

கிணறு தோண்டலாம் என்று ஜேசிபி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதன் கை எட்டுவது சுமார் பதினைந்து அடி ஆழம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் பல இடங்களில் அந்த ஆழத்துக்கு முன்னாலேயே சுக்கான் கல்லோ பாறையோ வந்துவிடும். அதற்கு மேல் கம்ப்ரசரும் வெடியும் கிரேனும்தான்.

மினி டிராக்டர் வாங்குகிறவர்கள் ஹெச்பியை மட்டும் கேட்கிறார்கள், அகலத்தைக் கேட்பதில்லை. வாழைக்கு ஆறடி இடைவெளி விட்டிருந்தாலும், பக்கக் கன்னும் இலையும் வந்தபின் நாலடிதான் மிஞ்சும். டேப்பைக் கொண்டுபோய் டயருக்கு டயர் அளந்து பாருங்கள். ரொட்டவேட்டரின் அகலம் டயர்த் தடத்தை மூட வேண்டும், இல்லையென்றால் மிதிபட்ட மண் அப்படியே கிடக்கும். முன்னால் பக்கெட் மாட்டிக்கொண்டால் இதுவே குட்டி ஜேசிபி என்று நினைப்பதும் ஆபத்து. பின்னால் எடை இல்லாமல் பக்கெட்டை நிறைத்து உயரத் தூக்கித் திரும்பினால் வண்டி சரியும். குவித்த எருவை அள்ளலாம், கெட்டித் தரையைத் தோண்டக் கூடாது.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தும் பழைய ஜேசிபிதான் என்று முடிவாகிவிட்டதா? பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே போய் நில்லுங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. பின்பக்கக் கையை நீட்டி, பக்கெட்டைத் தரையை விட்டு அரையடி தூக்கி, வண்டியை அணைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பக்கெட்டை இரண்டு கையாலும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருந்தால் மூட்டில் இருக்கும் இரும்புப் பின்னும் (pin) புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. புதுக் கிரீஸை அப்பி மறைத்திருப்பார்கள், துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டால், சிலிண்டரில் கசிவு இருக்கும் கை தானாகக் கீழே இறங்கும். கை திரும்புகிற இடத்திலும் பூம் என்கிற பெரிய கையின் அடியிலும் மேல் வெல்டிங் இருந்தால் அது விரிசல் கண்ட வண்டி. மீட்டர் குறைந்த மணி காட்டுகிறது, பெடல் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் பெடலையே நம்புங்கள்.

வாடகைக்கு விட்டு தவணையைக் கட்டிவிடலாம் என்ற கணக்கிலும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் வேலை படுத்துவிடும், தவணை படுக்காது. டிரைவர் சம்பளமும் பேட்டாவும் நிற்காது. அனுமதி இல்லாமல் குளத்து மண் அள்ளப் போனால் வண்டியையே பிடித்துவிடுவார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தில் இருக்கிற சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் நீங்களே தேய்த்துப் படியுங்கள். பழைய கடன் பதிவு இருந்தால், பைனான்ஸ்காரரின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.