மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு: யாழ்ப்பாணத்தில் முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் காசு 2025 ஏப்ரலில் இருந்து 10,000 ரூபாய். அதற்கு முன்னர் 7,500. இதை எடுக்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. விதானையார் (கிராம அலுவலர்), ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், வங்கி, இந்த நாலு வாசலோடு அலுவல் முடியும். விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. படிவம் நிரப்பித் தருகிறேன், ஆளைப் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பக் கோவை இழுபடுவதற்குக் குறைபாடு போதாமல் போவது அநேகமாகக் காரணமில்லை. ஒரு கடதாசியில் இருப்பது மற்றக் கடதாசியோடு ஒத்துவராததுதான் காரணம். ஆகவே படிவத்தைக் கையில் எடுக்க முதலே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

1. எந்தக் கந்தோர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைவிட, உங்கள் குடும்ப அட்டை எந்தக் கிராம அலுவலர் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்பதே முக்கியம். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இதில்தான் முதல் சிக்கல். பதிவு தெல்லிப்பழைப் பக்கம் கிடக்கும், ஆள் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருப்பார். கொக்குவில் விதானையார் "பதிவு இங்கே இல்லை" என்பார், தெல்லிப்பழை விதானையார் "ஆள் இங்கே இல்லை" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதலில் பழைய பிரிவில் பதிவை நீக்கிக் கடிதம் எடுத்துப் புதிய பிரிவில் பதியுங்கள். விண்ணப்பம் பிறகு.

பிரதேச செயலகத்தில் நீங்கள் தேட வேண்டியவர் சமூக சேவை உத்தியோகத்தர். அவர் வெளிக்களத்துக்கும் போகிறவர். எந்தக் கிழமையில் கந்தோரில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. போன கையோடு, அஸ்வெசும (அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம்) வேலை பார்க்கிற கிளையிலும் உங்கள் வீட்டுப் பதிவில் மாற்றுத்திறனாளி என்ற விபரம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு, இது வேறு. ஒன்றுக்குப் பதிந்தால் மற்றது தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம். அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924.

2. கடதாசிகளை ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்

தேவைப்படுபவை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி. எல்லாவற்றிலும் மூலமும் இரண்டு போட்டோக்கொப்பியும். 15 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குக் கீழே என்றால் பிறப்புச் சான்றிதழ் காணும்.

இவற்றை மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மட்டும் நிற்கும். ஆங்கில எழுத்தில் ஒன்றில் "டிஎச்", மற்றதில் வெறும் "டி". மனிதருக்கு இது ஒரே பெயர், கணினிக்கு இரண்டு ஆள். வங்கிப் பெயரை அடையாள அட்டையின்படி மாற்றுவது சுலபம், அதை முதலில் செய்யுங்கள். சான்றிதழ்களில் உள்ள வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இணைக்கலாம்.

பிறப்புச் சான்றிதழ் சண்டைக்குள் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையில் பிரதி கேட்கலாம். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது.

3. வைத்தியச் சான்று: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

சான்று அரச வைத்தியரிடம் இருந்து வர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிக் கடிதம் துணைக்கு வைக்கலாம், அதையே நம்பிப் போகாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளோ, வழமையாகப் பார்க்கும் கிளினிக்குக்கு, கிளினிக் நாளிலேயே படிவத்தைக் கொண்டுபோங்கள். உங்களை முன்பின் பார்க்காத வைத்தியர் எழுதும் சான்று ஒரு வரியில் முடிந்துவிடும். நெடுந்தீவில் இருந்து படகேறி வருகிறவர்கள் இதற்கென்று தனியாக ஒரு பயணம் வைக்காமல், அடுத்த கிளினிக் திகதிக்கே எல்லாம் ஆயத்தமாக வரலாம்.

சான்றில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பாதிதான் சொன்னதாகும். "நீரிழிவு, வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது" என்பதோடு நின்றால், இவர் கடை நடத்துகிறாரா, படுக்கையில் இருக்கிறாரா என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. "ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, கழிவறைக்குப் போக ஒருவர் பிடிக்க வேண்டும், செய்துவந்த மேசன் வேலையைத் தொடர முடியாது, நிலை நிரந்தரமானது" என்றும் இருந்தால் ஆளின் நிலைமை விளங்கும். வைத்தியருக்கு இதெல்லாம் விசாரிக்க நேரமிராது. நீங்களே அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: குளிப்பு, உடுப்பு, சாப்பாடு, நடை, தொழில், ஒவ்வொன்றிலும் எதைத் தனியாகச் செய்ய ஏலாது என்று.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், வைத்தியர் "எப்படி இருக்கிறீங்கள்?" என்றால் "பரவாயில்லை ஐயா, சமாளிக்கிறன்" என்று வாயில் வந்துவிடும். அந்தச் "சமாளிக்கிறன்" அப்படியே கொப்பியில் ஏறிவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கஷ்டமான நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்.

காது கேளாமைக்குக் கேட்டல் பரிசோதனை அறிக்கை, பார்வைக்குக் கண் கிளினிக் அறிக்கை, உடம்புக்குள் செல் (எறிகணை) துண்டு இருப்பவர்களுக்கு எக்ஸ்ரே. பழைய துண்டுகள், ஆஸ்பத்திரி அட்டைகள் தொலைந்துபோனால் மனம் விட வேண்டாம், சான்று கேட்பது இன்றைய நிலையை. மனநோய், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு "இவருக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எத்தனை வருடமாகச் சிகிச்சை, தனியே விட முடியுமா, காசைக் கையாள முடியுமா என்பவை மனநல வைத்தியரின் எழுத்தில் இருக்கட்டும்.

வைத்தியரின் அறையை விட்டு வெளியே வர முன் கையொப்பம், பதவி முத்திரை, திகதி மூன்றையும் பாருங்கள். முத்திரை விடுபட்ட படிவம் திரும்பி வரும்.

4. ஒப்படைப்பது

விதானையாரின் உறுதிப்படுத்தல் எடுத்து, சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுங்கள். கொடுக்க முதல் முழுவதையும் போட்டோக்கொப்பி எடுத்து, அந்தப் பிரதியில் கந்தோரின் திகதி முத்திரையை வாங்குங்கள். கேட்கக் கூச்சம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பின்னால் "அப்படி ஒன்று வரவில்லையே" என்றால் காட்ட இது ஒன்றுதான் இருக்கும்.

வீட்டைப் பார்க்க வருவார்கள். வெளிநாட்டுக் காசு வருகிறதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒளித்தது பிறகு தெரியவந்தால் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

5. பதிலே வராவிட்டால்

தகுதி இருந்தும் ஒதுக்கீடு வரும்வரை காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேரலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லி மேன்முறையீடு செய்யுங்கள். வறுமையைப் பற்றி நாலு பக்கம் எழுதுவதைவிட, அவர்கள் இல்லை என்று குறிப்பிட்ட அந்த ஒரு கடதாசியை இணைப்பது பலன் தரும்.

ஒன்றுமே தெரியாமல் கிடந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள்: என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, பட்டியலில் எத்தனையாவது, தாமதத்துக்குக் காரணம் என்ன. எதற்குக் கேட்கிறீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது சத்தமே இல்லாவிட்டால், அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

வங்கியும் மற்ற உதவிகளும்

கையொப்பம் வைக்க முடியாதவர், சின்னப் பிள்ளை, மனநிலை பாதிக்கப்பட்டவர் என்றால், கணக்கை யார் இயக்குவது என்பதை விண்ணப்பிக்கும்போதே வங்கியோடு பேசி முடியுங்கள். அனுமதி கிடைத்த பிறகு கணக்கில்லாமல் காசு தொங்கி நிற்பது வீண்.

சுயதொழில், வீடு, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு வேறு வேறு படிவங்கள், கேட்க வேண்டியது அதே உத்தியோகத்தரிடம். செயற்கைக் கால் தேவையானவர்கள் கொடுப்பனவு வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் இப்போதே போய் விசாரிக்கலாம்.