போர்டு அடிக்கும் முன் ஒரு ஏ4 தாள் சோதனை

கடைப் போர்டுக்கோ படகின் பெயருக்கோ தடித்த அலங்கார எழுத்துரு பிடித்துவிட்டதா? ஆர்டர் கொடுக்கும் முன் பெயரை 1 அங்குல உயரத்தில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, 10 அடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். 1 அடி உயர எழுத்தை 120 அடி தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு இதே அளவில்தான் தெரியும். ராமநாதபுரம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக வைத்துப் பார்ப்பதால்தான் ஏமாந்துபோகிறோம். எழுத்து தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்கும். தூரத்தில் அது அடைத்துக்கொள்ளும். தமிழில் முதலில் அடிபடுவது சுழிகளும் புள்ளிகளும். ‘மண்டபம்’ என்று எழுதிப் பாருங்கள்: ண-வின் சுழிகள் ஒட்டி ன போலத் தெரிந்தாலோ, மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு சேர்ந்துவிட்டாலோ அந்த எழுத்துரு வேண்டாம். மிக மெல்லிய முனைக்கோடுகள் உள்ளதும் படகுக்கு ஆகாது. உப்புக்காற்றில் பெயிண்ட் உரியும்போது முதலில் போவது அவைதான். எழுத்துரு மிகவும் பிடித்திருந்தால் பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, போன் நம்பரைச் சாதாரண எழுத்தில் போடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு போலக் கையில் வைத்துப் படிப்பவற்றுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. உள்ளே லைட் எரிந்து எழுத்தே ஒளிரும் போர்டுக்கு இது மட்டும் போதாது: வெளிச்சம் பரவி இடைவெளியை இன்னும் அடைக்கும், அதனால் ஒரு படி மெல்லிய எழுத்தாக எடுங்கள்.