பள்ளி நூலகத்துக்கும் கணினிக்கும் தொகுதி நிதி கேட்பது எப்படி?

அரசுப் பள்ளிக்கு உதவி கேட்டுப் போகிறவர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் பொதுவாக வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை. மனுவை வாங்கிக்கொள்வார்கள், "பார்க்கலாம்" என்பார்கள், உதவியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் அங்கம் வகித்த பள்ளி மேலாண்மைக் குழு (பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த குழு) முதன்முறை கொடுத்த மனுவில், "நூலக வசதியும் கணினி வசதியும் செய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு விசாரிக்கப் போனபோது, எந்த அறை, எத்தனை அலமாரி, என்ன விலை, யார் பொறுப்பு என்று எதுவுமே சொல்லாத தாளை எந்த அலுவலகத்துக்கும் அனுப்ப முடியாது என்பதை அந்த உதவியாளர்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

கேட்பதற்கு முன், எந்தப் பணத்தைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரியது 5 கோடி. இந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் அளிக்கிறார். ஆகவே நாம் கேட்பது ஒரு பரிந்துரைக் கடிதத்தைத்தான். வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி பொது நூலகங்களுக்கு உரியது, பள்ளிக்குத் திருப்ப இயலாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமுண்டு. அது வந்ததா, வந்திருந்தால் என்ன வாங்கப்பட்டது என்பதைத் தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

மனுவில் கையெழுத்திட வேண்டியவர் பெற்றோர்களில் ஒருவரான மேலாண்மைக் குழுத் தலைவர். அரசியல்வாதியிடம் போவதற்கு ஆசிரியர்கள் தயங்குவது இயல்பே. அவர்களை முன்னால் நிறுத்தாமல், பள்ளியின் விவரங்களைச் சரிபார்த்துத் தரும் பொறுப்பை மட்டும் அவர்களிடம் விடலாம். குழுவுக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்கள், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதன் 22ஆவது பிரிவு, மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு தரும் மானியங்களுக்கு அடிப்படை என்கிறது. எனவே கோரிக்கையைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மானப் பதிவேட்டின் நகலை மனுவோடு இணைக்க வேண்டும். ஊராட்சிப் பகுதியாக இருந்தால், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிடுவது மேலும் நல்லது.

இனி மனு. அது ஒரே பக்கமாக இருக்கட்டும். "எங்கள் பள்ளியில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 143 பேர் படிக்கின்றனர். பள்ளியின் 412 நூல்களும் தலைமையாசிரியர் அறையிலுள்ள ஒரே இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. காலியாக உள்ள 20க்கு 18 அடி அறையில் நான்கு திறந்த அலமாரிகளும், இரண்டு வாசிப்பு மேசைகளும், ஐந்து கணினிகளும் அமைத்துத் தர வேண்டுகிறோம்" என்கிற வகையில், படிப்பவர் அந்த அறையைக் கண்ணால் பார்ப்பதுபோல் எழுத வேண்டும். பூட்டிய பீரோவின் புகைப்படம் ஒன்றை இணைத்தால், அரைப் பக்க விளக்கம் மிச்சமாகும்.

கணினி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அறையில் எத்தனை ப்ளக் பாயின்ட் இருக்கிறது, சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, மழையில் கூரை ஒழுகுகிறதா, இணைய இணைப்புக்கு மாதந்தோறும் யார் பணம் கட்டுவார்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பவற்றுக்கு மனுவிலேயே விடை இருக்க வேண்டும். கல்வித் துறையே பல பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை அமைத்து வருவதால், உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியாமல் அதே பொருளை இங்கேயும் கேட்டால், கோப்பு ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வரும். அனுமதிக்கப்பட்ட பணிகள் எவை, எஸ்டிமேட் யார் போட வேண்டும் என்பவற்றை மாவட்ட ஊரக வளர்ச்சி அலுவலகத்திலோ, மாநகராட்சியென்றால் அதன் பொறியாளர் பிரிவிலோ கேட்டுக்கொள்ளலாம்.

நேரில் பார்க்க நான்கைந்து பேர் போனால் போதும். அவர்களில் இருவராவது தாய்மார்களாக இருக்கட்டும். திருமண மண்டபத்திலும் திறப்பு விழாவிலும் மனுவை நீட்டுவதைத் தவிர்த்து, தொகுதி அலுவலகத்தில் அவர் உட்காரும் நாளைக் கேட்டுப் போங்கள். பேச ஒருவரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து பேர் பேசினால் சாலையும் சாக்கடையும் இடையில் வந்துவிடும். உறுப்பினர் எந்தக் கட்சி என்று பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. 234 தொகுதிகளுக்கும் ஒதுக்கீடு ஒன்றுதான். புறப்படுமுன் உதவியாளரின் எண்ணை வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த ஆறு மாதம் நீங்கள் பேசப்போவது அவரிடம்தான்.

காலமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், பணிகளின் பட்டியல் நிரம்புவதற்குள் மனு கையில் சேர வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய பணிகளுக்கு ஒப்புதல் கிடைக்காது.

ஒரு பள்ளியின் தேவை தொகுதி நிதியோடு முடியலாம்; ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் நூலகர் வேண்டும் என்றால் அதற்கு வழி சட்டப்பேரவைதான். பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அத்துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் கோரிக்கை, விவாதத்துக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி, உறுப்பினர் அவையில் அப்படியே வாசிக்கத்தக்க அரைப் பக்கக் குறிப்பாகக் கொடுக்கலாம். பேசுவதற்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே, ஆகையால் குறிப்பில் எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் கிடைத்ததும் அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் வந்து இறங்கும் நாளில் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே, பெற்றுக்கொண்டோம் என்று தலைமையாசிரியரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.