முதன்முதலாக எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டன்ட் வைக்கும் முதலாளிகள் எங்கே சறுக்குகிறார்கள்?

கோவையில் முப்பது, நாற்பது பேரை வைத்துப் பம்ப்செட்டோ உதிரிபாகமோ செய்யும் முதலாளிக்கு ஒரு கட்டத்தில் தன் மெயில், அப்பாயின்ட்மென்ட், பயணம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், அதாவது எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டன்ட் தேவைப்படுகிறது. ஆள் வந்த சில மாதங்களில், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று பலர் கைவிட்டும் விடுகிறார்கள். வந்தவருக்குத் திறமை போதவில்லை என்பது அபூர்வம். பெரும்பாலும் முதலாளி எதையும் முழுசாகக் கையில் கொடுக்கவில்லை, அல்லது கொடுக்கக்கூடாததைக் கொடுத்துவிட்டார்.

வேலை என்னவென்று தெரியாமல் ஆள் தேடுவது

விளம்பரம் கொடுக்கும் முன் இரண்டு வாரம் நோட்டு போடுங்கள். யாருக்குப் போன் செய்தீர்கள், எந்த மெயிலுக்குப் பதில் போட்டீர்கள், எதைத் தேடுவதில் எவ்வளவு நேரம் போனது என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் வேறொருவர் செய்துவிடக்கூடிய வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். அவை நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவென்றால் பகுதிநேர ஆளே போதும். இந்தக் கணக்கு இல்லாமல் முழுநேரத்துக்கு எடுத்தால், ரிசப்ஷன் போன், சில்லறைச் செலவுக் கணக்கு, டேலியில் கணக்கு ஏற்றுவது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் மேசைக்கு வந்து சேரும். உங்கள் வேலை உங்களிடமே கிடக்கும்.

இன்டர்வியூவில் ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பது

பேச்சை விட ஒரு சின்னச் சோதனை அதிகம் காட்டும். "செவ்வாய் மதியம் 3 மணிக்கு மும்பை அந்தேரியில் மீட்டிங், புதன் காலை 10 மணிக்கு ஓசூரில் வாடிக்கையாளர் தொழிற்சாலை. கோவையிலிருந்து கிளம்ப வேண்டும், திட்டம் போடுங்கள்" என்று சொல்லி, லேப்டாப்பும் 40 நிமிடமும் கொடுங்கள். மும்பையிலிருந்து பெங்களூருக்கு இரவு விமானம் என்பதோடு நிறுத்துபவர் ஒரு ரகம். பெங்களூர் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, ஓசூரோ எதிர்த்திசையில், காலையில் நகரத்தைக் கடந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பார்த்து, இரவே ஓசூர்ப் பக்கம் தங்க அறை போடுபவர் இன்னொரு ரகம். "மீட்டிங் நீண்டால் என்ன செய்வது, சாம்பிள் ஏதும் கையில் வருமா?" என்று கேட்பவரைத் தயங்காமல் எடுங்கள்.

பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது

ஆபத்தான தவறு இதுதான். ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் டிரைவ், போட்டோஸ், குரோமில் சேமித்த மற்ற பாஸ்வேர்டுகள் எல்லாமே சேர்ந்து போகின்றன. எந்த மெயிலை யார் அனுப்பியது என்றும் பிறகு சொல்ல முடியாது. பாஸ்வேர்டு தராமலே இன்னொருவரை உங்கள் மெயிலைப் பார்க்கவிட 'டெலிகேஷன்' என்ற வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ் பகுதியில் 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுன்ட்' என்ற இடத்தில் அவருடைய மெயில் முகவரியைச் சேருங்கள். அழைப்பை அவர் ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும். அதன்பின் படிக்கலாம், பதில் போடலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வேலையை விட்டுப் போனால் அந்தப் பெயரை நீக்கினால் போதும். கம்பெனி பெயரில் உள்ள கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு என்றால் முதலில் அதை நிர்வகிக்கும் அட்மின் இதை அனுமதிக்க வேண்டும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் (கம்ப்யூட்டரில் செருகிக் கையொப்பமிடும் யுஎஸ்பி கருவி) அதற்கான ரகசிய எண்ணையும் உதவியாளரின் மேசை டிராயரில் போட்டுவைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அதில் இடப்படும் ஒவ்வொரு கையொப்பமும் சட்டப்படி உங்களுடையது. அதைக் கவனமாக உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பையும் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் உங்கள்மேல்தான் வைக்கிறது. ஜிஎஸ்டி படிவத்தை அவர் தயார் செய்யட்டும், டோக்கனை நீங்கள் செருகுங்கள். பேங்க் விஷயமும் அப்படியே. கார்ப்பரேட் நெட் பேங்கிங்கில் அவரை பேமென்ட்டைத் தயார் செய்யும் 'மேக்கர்' ஆக்குங்கள், அதற்கு ஒப்புதல் தரும் 'செக்கர்' நீங்களாக இருங்கள். ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டும் தேவையே வராது.

ஒரே காலண்டரில் இரண்டு கை

பெரும்பாலான ஏற்பாடுகள் உடைவது இங்கேதான். கூகுள் காலண்டரை 'மேக் சேஞ்சஸ் டு ஈவன்ட்ஸ்' என்ற திருத்தும் அனுமதியோடு பகிர்ந்துவிடுவீர்கள். மறுநாள் சப்ளையர் போன் செய்ததும், "வியாழன் 11 மணிக்கு வாங்களேன்" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதே நேரத்தை உதவியாளர் ஆடிட்டருக்குக் கொடுத்திருப்பார். இருவரும் வந்து உட்கார்ந்திருக்க, தர்மசங்கடம் அவருக்கு. இரண்டு முறை இப்படி நடந்தால், எதையும் உறுதி செய்யப் பயந்து எல்லாவற்றுக்கும் உங்களையே கேட்கத் தொடங்குவார். அத்தோடு உதவி முடிந்தது.

நேரம் கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், "ஆபீஸ் நம்பருக்குப் பேசிடுங்க, உடனே போட்டுக் கொடுப்பாங்க" என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும். முக்கிய வாடிக்கையாளர்களுக்கும் ஆடிட்டருக்கும் வீட்டாருக்கும் முதல் வாரமே அவரை அறிமுகப்படுத்துங்கள். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, தொழிலாளர் பிஎஃப், ஈஎஸ்ஐ கட்ட 15, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20 என்று மாதாந்தரக் கெடுக்களையும், மூன்று நாள் முன்னறிவிப்போடு அவரையே காலண்டரில் ஏற்றச் சொல்லுங்கள். இன்னொன்று: திருத்தும் அனுமதி உள்ளவருக்கு 'பிரைவேட்' என்று குறித்ததும் தெரியும். மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் மாதிரியானவற்றைத் தனிக் காலண்டரில் வையுங்கள்.

அரைகுறைச் சொல்

"நல்ல ஹோட்டலா பார்த்துப் போடும்மா" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்த ஏரியா, எவ்வளவு ரூபாய்க்குள், எப்போதைக்குள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கேட்காமலே முடிவெடுக்க ஒரு எல்லையும் கொடுங்கள்: 5,000 ரூபாய் வரை அவரே, அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டு. தினமும் காலை 15 நிமிடம் உட்கார்ந்து பேசினால் வாட்ஸ்அப் தொல்லை பாதி குறையும். தவறு நடந்தால் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். எங்கே பிசகியது என்று காட்டி அவரையே திருத்தச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு கேஸ் புக்கிங் மாதிரி சொந்த வேலைகளும் உண்டென்றால் இன்டர்வியூவிலேயே சொல்லி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் எழுதுங்கள். சேர்ந்தபின் ஒவ்வொன்றாக நுழைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறார் என்று ஒரு கூகுள் டாக்கில் எழுதிவரச் சொல்லுங்கள். அவர் நிம்மதியாகப் பத்து நாள் லீவு எடுக்கவும் அது வேண்டும்.