நவுன் கிளாஸில் நான் வழுக்கிய இடம்

வங்கித் தேர்வுக்குப் படிக்கையில், பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டிருந்தேன்: நவுன் கிளாஸ் (noun clause), அதாவது பெரிய வாக்கியத்துக்குள் பெயர்ச்சொல் போல உட்கார்ந்திருக்கும் சின்ன வாக்கியம். 'ஐ டோன்ட் நோ வென் வில் த பஸ் கம்' எனக்குச் சரியென்றே தோன்றும். விடையில் தப்பு என்று இருக்கும்.

தட், இஃப், வெதர், வாட், வென் என்று இணைப்புச் சொற்களை அட்டையில் எழுதி நாலு நாள் உருப்போட்டேன். மார்க் ஏறவில்லை. சொல் சரிதான்; பிசகு அதற்குப் பின்னால் இருந்தது.

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆச்சி, "எய்யா, பாவநாசம் வண்டி எப்ப வரும்னு தெரியுமா?" என்றார். அப்போதுதான் பிடிபட்டது. தமிழில் 'எப்ப வரும்' என்ற கேள்வியோடு 'னு' ஒட்டினால் போதும், வரிசை மாறாது. ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனதும் எழுவாய் வினைக்கு முன்னால் வந்துவிடும்: 'வென் த பஸ் வில் கம்'. 'டிட்' இருந்தால் அதுவும் கழன்று, 'வேர் டிட் ஹி கோ' என்பது 'வேர் ஹி வென்ட்' ஆகிவிடும்.

இணைப்புச் சொல்லுக்கும் தமிழ் வாலையே பார்த்தேன். 'வருவான்னு' என்றால் தட். 'வருவானான்னு' என்று நடுவில் 'ஆ' ஒலித்தால் இஃப் அல்லது வெதர். அபவுட், ஆன் போன்ற ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் இஃப் ஆகாது, வெதர்தான். இதை என் கைடு பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தது! நேற்றைய மாதிரித் தேர்வில் இந்த வகையில் வந்த ஐந்து கேள்வியும் சரி.