கல்லாப் பக்கத்தில் ஒரு புத்தகம்: ஆள் வராத நேரத்து வாசிப்பில் செய்யும் தவறுகள்

மதியம் இரண்டு மணிக்கு மேல் மருந்துக்கடையில் கூட்டம் இருக்காது. லாட்ஜ் வரவேற்பில் நள்ளிரவு தாண்டினால் விடிகாலை வண்டி வந்து சேரும்வரை அறை கேட்டு யாரும் வருவதில்லை. ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ் அலுவலகம், ஆஸ்பத்திரி டோக்கன் மேசை, அடுக்குமாடி வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அறை என்று எல்லாவற்றுக்கும் இப்படித் தேங்கிப்போன நேரம் ஒன்று உண்டு. அதற்கென்று ஆசையாக வாங்கிய புத்தகம் பெரும்பாலும் நாற்பதாவது பக்கத்தோடு டிராயருக்குள் போய்விடுகிறது. படிப்பவரின் சோம்பலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பெரும்பாலான சமயம் பிசகு புத்தகத்தைத் தேர்ந்த கணக்கில் இருக்கிறது.

முதல் பிசகு, "தினம் மூன்று மணி நேரம் சும்மாதானே இருக்கிறோம்" என்று மொத்தமாகக் கூட்டுவது. ஒரு தாளை எடுத்து, ஆள் வந்த நேரம், போன் அடித்த நேரம், முதலாளி கூப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் இரண்டு நாள் குறித்துப் பாருங்கள். அந்த மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம், ஏழு நிமிடம், இருபத்தைந்து நிமிடம், நான்கு நிமிடம் என்று உதிரியாகக் கிடக்கும். அடிக்கடி வரும் இடைவெளி எது என்று பார்த்து, அதற்குத்தான் புத்தகம் தேட வேண்டும். டெமி அளவில், அதாவது வழக்கமான நாவல் அளவில் அச்சான தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 சொற்கள் இருக்கும். நிதானமாகப் படித்தால் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். பன்னிரண்டு நிமிடத்தில் எட்டுப் பக்கம் என்று மனக்கணக்குப் போடுவோம். எங்கே விட்டோம் என்று பிடிக்கவே ஒரு நிமிடம் போய்விடும் என்பதால் ஐந்து ஆறு பக்கம்தான் தேறும்.

சின்ன நேரத்துக்குச் சிறுகதை, பெரிய நேரத்துக்கு நாவல் என்பது அடுத்த பிசகு. கேட்க நியாயமாகத் தோன்றுவதால் பலரும் இதில் விழுகிறார்கள். சிறுகதையின் உயிர் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பாதியில் ஒருவர் வந்து பாராசிட்டமால் கேட்டு, சில்லறை மாற்றி, அவர் வீட்டுக் கதையையும் சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்தக் கதை ஆறிப்போயிருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. பத்துக் கதை உள்ள தொகுப்பில் பத்துத் தடவை புதிய ஊருக்குள் நுழைந்து, புதிய ஆட்களோடு பழக வேண்டும். நாவலில் அந்தச் சிரமம் ஒரு தடவையோடு முடிந்துவிடும்.

அதற்காகச் சிறுகதையே வேண்டாம் என்பதில்லை. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கக் கணக்கோடு எடுங்கள். புதுமைப்பித்தன் தொகுப்பை எடுத்தால் 'பொன்னகரம்' சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அதைப்போலப் பல மடங்கு நீளம். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன என்பதற்காக ஒரே இடைவெளியில் படிக்க முடியாது. பென்சிலால் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் பக்க எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், கையில் இருக்கும் நேரத்துக்கு ஏற்ற கதையை உடனே எடுக்கலாம். வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கனமான நாவலைக் கண்டு பயப்படுவதும் இதே வகைத் தவறுதான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், முந்நூறுக்குச் சற்றுக் குறைந்த அத்தியாயங்கள். ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் சிறியது. போன வாரம் என்ன நடந்தது என்று மறந்துபோன வாசகரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. எத்தனை தடவை விட்டுவிட்டு எடுத்தாலும் கதை கையில் ஒட்டிக்கொள்ளும். அதன் ஆபத்து வேறு மாதிரியானது. அத்தியாயக் கடைசியில் யாரோ கத்தியை ஓங்குவார்கள். எதிரே ஆள் நிற்பது தெரியாமல் பக்கத்தைப் புரட்டுவோம். பில் போடும் இடத்தில் அதை எடுப்பதானால், அத்தியாயக் கடைசியில் நிறுத்தும் பழக்கத்தை விட்டு நடுவில் நிறுத்தப் பழகுங்கள். இழுப்பு அங்கே அவ்வளவு இருக்காது.

1997இல் வெளிவந்த ஜெயமோகனின் விஷ்ணுபுரம் நாவலை இதே நம்பிக்கையில் கல்லாவுக்குக் கொண்டுவந்தால் தோல்விதான். அதன் மூன்று பகுதிகளும் கால வரிசைப்படி வராது; பாத்திரங்கள் ஏராளம்; தத்துவ விவாதங்கள் பக்கம் பக்கமாகப் போகும். இரண்டு மணி நேரம் யாரும் தொடாத ஞாயிற்றுக்கிழமைக்கான புத்தகம் அது. சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் நாவல் அளவில் சிறியதுதான் என்றாலும் ஒவ்வொரு வாக்கியமும் நின்று யோசிக்கச் சொல்லும். டோக்கன் மேசையில் அதற்கு இடமில்லை. புத்தகத்தின் தடிமனை வைத்து எடை போடாமல், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். முன்கதை தெரியாமலே அரைப் பக்கத்துக்குள் யார், எங்கே, என்ன என்று பிடிபட்டால் அது கடைக்கு ஆகும்.

எந்த இடைவெளிக்கு எது

ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால் குறுந்தொகையை விஞ்சியது கிடையாது. கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி. செம்புலப் பெயல்நீர் வரும் நாற்பதாம் பாட்டு ஐந்தே அடிதான். ஒரு பாட்டைப் படித்துவிட்டு மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே மனதுக்குள் அசைபோடலாம்; புத்தகம் மூடியிருக்கும்போதும் வாசிப்பு நடக்கும். பதிப்பைத் தேர்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உ.வே.சா.வின் 1937 பதிப்பு அரிய உழைப்பு, ஆனால் அதன் உரையும் குறிப்பும் பழகிய பிறகு வசப்படுபவை. முதல் தடவைக்கு எளிய உரைநடையில் பொருள் சொல்லி, ஒரு பாட்டும் அதன் உரையும் எதிரெதிர்ப் பக்கத்தில் முடிகிற பதிப்பை வாங்குங்கள். உரைக்காகப் புத்தகக் கடைசிக்குப் புரட்ட வேண்டியிருந்தால் அந்த ஐந்து நிமிடம் புரட்டுவதிலேயே போய்விடும்.

பத்து, பதினைந்து நிமிடத்துக்கு என் முதல் சிபாரிசு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 122 அத்தியாயம். ஒவ்வொன்றும் ஒரு சம்பவத்தைச் சுற்றி அமைந்து தானாக முடியும். 1942இல் அவர் மறைந்ததோடு தொடரும் நின்றுவிட்டதால் முழு வாழ்க்கையும் அதில் வராது. கடைசியில் முடிவைத் தேடி ஏமாற வேண்டாம். அசோகமித்திரனின் 'ஒற்றன்' இதே இடைவெளிக்குப் பொருந்தும். அமெரிக்காவின் அயோவா நகரத்தில் உலக எழுத்தாளர்கள் கூடித் தங்கிய நாட்களைப் பற்றியது. நாவல் என்ற பெயரில் வந்தாலும் அத்தியாயங்கள் தனித்தனிக் கதைகளாகவே நிற்கும். சிரிக்க வேண்டுமென்றால் தேவனின் துப்பறியும் சாம்பு.

அரை மணி நேரம் உறுதியாகக் கிடைப்பவர்கள் பாக்கியவான்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' போன்ற மெலிந்த நாவல்கள் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றை முடித்த தெம்பு அடுத்ததை எடுக்க வைக்கும். கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'மும் இந்த வகைதான். கதைக்குள் கதையாக, யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலப் போவதால் எழுந்துபோய் வந்தாலும் கோவித்துக்கொள்ளாது.

ஒரு எச்சரிக்கை. ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பைப் பல பேர் பரிந்துரைப்பார்கள், பரிந்துரைக்கத் தகுந்ததுதான். ஆனால் 'யானை டாக்டர்' படித்துக் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது "தம்பி, ஏசி ரூம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் இரண்டு பேருக்குமே தர்மசங்கடம். வீட்டில் படியுங்கள். அட்டைப் பக்கத்தையும் யோசியுங்கள். தி.ஜானகிராமன் நாவல்களின் தலைப்பைப் பார்த்தே முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் உண்டு. கட்சி, மதம் சார்ந்த நூல் என்றால் தேவையில்லாத வாக்குவாதம் வரும். பள்ளி நோட்டுக்குப் போடுவதுபோல ஒரு பழுப்பு அட்டை போட்டுவிட்டால் தீர்ந்தது.

கண் கொடுக்க வேண்டிய வேலை

சில வேலைகளுக்குப் புத்தகமே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் லேத், பாய்லர் அளவுமானி, சிசிடிவி திரை, நோயாளிக்கு ஏறும் டிரிப் இவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம். "சும்மாதான் நிற்கிறேன்" என்று தோன்றும் அந்த நேரமே அங்கே வேலை. ஒலிப்புத்தகம் கேட்கலாமே என்பார்கள். காதுக்குள் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தால் பேரிங் சத்தம் மாறுவதும் பின்னால் ஒருவர் கூப்பிடுவதும் கேட்காது. ஒரு காதில் மட்டும் மாட்டினாலும் கவனம் பாதிதான்.

இரவுக் காவலில் இருப்பவர்கள் கவனிக்காத விஷயம் வெளிச்சம். பளிச்சென்ற விளக்கின் கீழ் வெள்ளைத் தாளைப் பார்த்துப் பழகிய கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். கேட்டருகே ஏதோ சத்தம் என்று தலை நிமிர்ந்தால் முதலில் கருப்புதான் தெரியும். அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தில் மட்டும் விழும் சின்ன மஞ்சள் விளக்கில் படியுங்கள். ஒளி முகத்தில் அடிக்காமல், ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலிக்காமல் இருக்க வேண்டும். இதிலும் கண் கொஞ்சம் கூசத்தான் செய்யும். ரோந்து போகும் நேரத்துக்குக் கால் மணி முன்பே மூடி வையுங்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை எந்தப் புத்தகமும் தாலாட்டுதான். அப்போது நடப்பதே மேல்.

போனில் படிப்பது

போனில் படிப்பவர் படிக்கிறார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தலை குனிந்து திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவரைச் சூப்பர்வைசர் பார்த்தால் ரீல்ஸ் என்றுதான் நினைப்பார். அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது. போன்தான் வழி என்றால், ஸ்கேன் செய்த ஏ4 பிடிஎஃப் வேண்டாம். ஆறங்குலத் திரையில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் அளவு மாற்றக்கூடிய இபப் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, வேலையிடத்தில் வாட்ஸாப் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுப் படியுங்கள். அலுவலகக் கணினியில் திறப்பது எந்த நிலையிலும் நல்லதல்ல.

டெலிகிராம் குழுவில் வரும் பிடிஎஃப் எல்லாம் இலவசம் என்ற நினைப்பும் தவறு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நிற்கும். உ.வே.சா. (மறைவு 1942), புதுமைப்பித்தன் (1948), கல்கி (1954), தேவன் (1957) எழுத்துகளுக்கு அது முடிந்துவிட்டது. 1982இல் மறைந்த தி.ஜானகிராமனுக்கு 2042 வரை உண்டு. காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் பல 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பின் தளத்தில் முறையாகவே கிடைக்கின்றன. மற்றவற்றுக்குக் கிளை நூலகம் இருக்கிறது.

புத்தகத்தின் உடம்பு

70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 400 பக்க டெமி புத்தகம் தாள் மட்டுமே 420 கிராம் வரும். ஒற்றைக் கையால் கால் மணி நேரம் தாங்க முடியாது. மேசை இல்லாத இடத்துக்கு 200 பக்கத்துக்குள் இருக்கும் மெல்லிய புத்தகமே தோது. சாதா அட்டைப் புத்தகங்களின் முதுகில் பசைதான் பிடிமானம். ஆள் வந்ததும் அப்படியே கவிழ்த்து வைத்தால் பசை விரிந்து, பத்து நாளில் நடுப்பக்கங்கள் கையோடு வரும். பழைய பில்லை அடையாளத்துக்கு வைக்கும்போது, பில்லின் விளிம்பு நிறுத்திய வரிக்கு நேராக நிற்கும்படி வையுங்கள். திரும்பி வந்து தேடும் அரை நிமிடம் மிச்சமாகும்.

எதிரே ஆள் வந்த பிறகும் "இந்தப் பத்தியை முடித்துவிடுகிறேன்" என்று நினைப்பதில்தான் கடைசியில் எல்லாம் கெடுகிறது. முதலாளிகள் புத்தகத்தை வெறுப்பது அரிது. வாடிக்கையாளர் காத்து நிற்பதைத்தான் பொறுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்து படிக்கும் உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, "கூட்டம் இல்லாதபோது புத்தகம் பார்க்கலாமா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துவிடுங்கள். ஒளித்து ஒளித்துப் படித்து மாட்டிக்கொண்ட பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஷிஃப்ட் முடியும் கடைசிக் கால் மணி நேரத்தைப் பதிவேட்டுக்கும் சில்லறைக் கணக்குக்கும் விட்டுவிட்டு, மீதிப் பக்கத்தைப் பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.